வலி மூளையிலதான்னு சொன்னேன், அந்தம்மா எழுந்து போயிட்டாங்க

குன்னூர்க் கை | நவம்பர் 9, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர்ல 12 வருஷமா மசாஜ் பண்றேன். முதல் 7 வருஷம் ஒரு ரிசார்ட்ல. இப்போ பெட்ஃபோர்டு பக்கம் வீட்டு முன்னறையிலேயே ஒரு மேசை போட்டிருக்கேன். சுற்றுலாக்காரங்க பாதி. மீதி எஸ்டேட் பொம்பளைங்க, பேக்கரியில மாவு பிசையறவங்க, ரிட்டையர் ஆன டீச்சருங்க.

போன வருஷம் கோயம்புத்தூர்ல வலியைப் பத்தி ரெண்டு நாள் வகுப்புக்குப் போயிட்டு வந்தேன். அதுலேர்ந்து ஒரே குழப்பம். 'தசையில முடிச்சு விழுந்திருக்கு, உடைச்சு விடறேன்'னு ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். மலையேறிட்டு வர்ற பசங்ககிட்ட 'லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கு, பிழிஞ்சு விடறேன்'னு சொல்லியிருக்கேன். ஆனா அந்த அமிலம், ஓட்டத்தை நிறுத்தி ஒரு மணி நேரத்துலயே ரத்தத்துல பழைய அளவுக்கு வந்துடுதாம். மறுநாள் தொடை வலிக்கிறதுக்கு அது காரணமே இல்லையாம். அப்போ இத்தனை வருஷம் நான் எதைப் பிழிஞ்சேன்?

விஷயத்துக்கு வர்றேன். மூணு வாரம் முன்னாடி ஒரு எஸ்டேட் அம்மா வந்தாங்க. 54 வயசு. இடுப்புலேர்ந்து வலது பின்தொடை வரைக்கும் 6 வருஷமா வலி. ஸ்கேனைப் பார்த்துட்டு யாரோ 'ஜவ்வு விலகியிருக்கு, எலும்பு தேஞ்சிருக்கு, இனிமே கூடை தூக்கக் கூடாது'ன்னு சொல்லியிருக்காங்க. தூக்காம எப்படிச் சாப்பிடறது? அந்தப் பயத்தோடயே கொழுந்து எடுத்துட்டிருக்காங்க. குனியச் சொன்னா முதுகைப் பலகை மாதிரி விறைச்சு வச்சுக்கிட்டு முட்டியை மட்டும் மடக்கறாங்க.

எனக்குப் புதுசாப் படிச்ச வேகம். எண்ணெயைச் சூடு பண்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன். 'அம்மா, வலி இடுப்புல இல்ல, மூளையிலதான் உண்டாகுது.' அவங்க கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கிட்டு, 'அப்ப நான் நடிக்கிறேன்னு சொல்றியா, தாயி?'ன்னு கேட்டுட்டு மழையில இறங்கிப் போயிட்டாங்க. காசு மேசை மேல இருந்துச்சு. நான் அவங்களைத் தொடக்கூட இல்ல.

சொன்ன விஷயம் தப்பா, சொன்ன விதம் தப்பா? நீங்கள்லாம் இதை எப்படிச் சொல்றீங்க?


ஊட்டிக்காரன் | நவம்பர் 9, இரவு 10:15

அக்கா, நான் ஸ்பாவுல இருக்கேன். ஒரு நாளைக்கு ஆறு பேர். ஒருத்தர்கிட்டயும் மூளை, நரம்புன்னு பேசறதில்ல. 'எங்க வலிக்குது'ன்னு கேட்பேன், அழுத்துவேன், 'அப்பாடா'ம்பாங்க. அவங்க வர்றது கைக்கு, பாடத்துக்கு இல்ல. முடிச்சுன்னு சொன்னா அவங்களுக்கும் புரியுது, எனக்கும் புரியுது. அதை எதுக்குக் கெடுக்கணும்?


கோத்தகிரி பிசியோ | நவம்பர் 10, காலை 6:50

குன்னூர்க் கை, காசை வச்சுட்டுப் போனாங்கன்னு படிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்கும் இதே மாதிரி ஒருத்தர் எழுந்து போயிருக்கார். அவர் காசு வைக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்க சொன்னது அறிவியல்படி பெரிய தப்பில்ல. ஆனா தமிழ்ல அது வேற அர்த்தத்துல போய் விழும். 'மூளையில'ன்னு நீங்க சொன்னீங்க. 'மனசுல'ன்னு அவங்க கேட்டாங்க. 'உன் வலி பொய்'ங்கறது அங்கேர்ந்து ஒரு எட்டுதான்.

அடிப்படையை ஒரு தடவை நேர் பண்ணிக்கலாம். உடம்புல ஆபத்துன்னு நரம்பு கொண்டுபோற சேதி ஒண்ணு. நாம உணர்ற வலி இன்னொண்ணு. சேதிக்குன்னு தனியா ஒரு பெயரை நரம்பியல் விஞ்ஞானி ஷெரிங்டன் 1906லயே வச்சுட்டார். சேதி போகாமலும் வலி வரலாம், சேதி போயும் வலி வராம இருக்கலாம். 1995ல பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல ஒரு கட்டடத் தொழிலாளியைப் பத்தி எழுதியிருந்தாங்க. 29 வயசு. மேலேர்ந்து குதிச்சப்போ 15 சென்டிமீட்டர் ஆணி பூட்ஸைக் குத்தி மேல வந்துடுச்சு. ஆணியை லேசா அசைச்சாலே துடிச்சிருக்கார். மயக்க ஊசியும் ஃபென்டனில்ங்கற கடுமையான வலி மருந்தும் போட்டு, ஆணியைப் பிடுங்கி, பூட்ஸைக் கழட்டினா, ஆணி ரெண்டு விரலுக்கு நடுவுல போயிருக்கு. கால்ல ஒரு கீறல் கூட இல்ல. அந்தாளு நடிச்சாரா? இல்ல. கண்ணு ஆணியைப் பார்த்துச்சு, மூளை ஆபத்துன்னு முடிவு பண்ணுச்சு, வலி வந்துச்சு. நூத்துக்கு நூறு நிஜ வலி.

ஸ்கேன் விஷயம். 1994ல முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாங்க. 52 சதவீதம் பேருக்கு ஒரு இடத்துலயாவது ஜவ்வு புடைச்சிருந்தது. இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் 2015ல ஒண்ணாத் திரட்டினப்போ, வலி இல்லாதவங்கள்லயே 20 வயசுக்காரங்கள்ல 37 சதவீதம் பேருக்கும் 80 வயசுக்காரங்கள்ல 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. உங்ககிட்ட வந்த அந்தம்மாவுக்கு 54. தேய்மானம் இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். நரை மாதிரிதான் அதுவும். ஆனா 'தேஞ்சு போச்சு'ங்கற வார்த்தையைக் கேட்டவங்க அன்னையிலேர்ந்து குனியறதில்ல. அந்த வார்த்தைதான் அவங்க முதுகைப் பலகை ஆக்கியிருக்கு.

ஊட்டிக்காரன் தம்பி, 'முடிச்சு'ல என்ன கெடுதல்னு கேட்டீங்க. உங்ககிட்ட ஒரு தடவை வந்துட்டுப் போற சுற்றுலாக்காரருக்கு ஒரு கெடுதலும் இல்லன்னே வச்சுக்குவோம். ஆனா அந்த முடிச்சை ரெண்டு பேர் தனித்தனியாத் தடவிப் பார்த்தா, அது எங்க இருக்குன்னு பல நேரம் ஒத்துப்போறதில்ல. ஆறு வருஷமா வலியோட இருக்கறவங்ககிட்ட 'உள்ள ஏதோ சிக்கிக்கிட்டிருக்கு, என் கை பட்டாத்தான் அவிழும்'னு சொன்னா, அவங்க ஆயுசுக்கும் உங்க மேசைக்கே வந்துட்டிருப்பாங்க.


ஊட்டிக்காரன் | நவம்பர் 10, காலை 8:05

வந்துட்டிருந்தா வாடகை கட்டலாமே சார் 😀

சும்மா சொன்னேன். ஆனா ஒரு சந்தேகம். முடிச்சே இல்லன்னா, நான் அழுத்தினதும் ஏன் குறையுது?


மலைத்தொக்கணம் | நவம்பர் 10, பிற்பகல் 2:30

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். சித்த மருத்துவம், அதில் வரும் மசாஜ் முறையான தொக்கணம் என் தொழில்.

நண்பர்களே, இதையெல்லாம் ஏதோ புதிய அறிவு என்பதுபோல் பேசுவதைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யுங்கள். கை கால் 'உளைச்சல்' என்கிறோம். 'மன உளைச்சல்' என்றும் சொல்கிறோம். காலில் முள் குத்தினாலும் நோவு, பிள்ளை எதிர்த்துப் பேசினாலும் மனம் நோகிறது. உடலுக்கு ஒரு சொல், மனத்துக்கு ஒரு சொல் என்று இந்த மொழி பிரித்து வைக்கவில்லை. வலி என்பது உணர்வும் உணர்ச்சியும் கலந்த அனுபவம் என்று உலக வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வரையறுத்து, 2020இல் திருத்தியும் எழுதியது. பூம்பாறையில் பூண்டு உரிக்கும் கிழவிக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

அதே சமயம் என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். 'நரம்பு சுருண்டிருக்கிறது', 'நரம்பு ஏறிவிட்டது' என்று நாங்களும் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறோம். நரம்பு சுருண்டுகொள்ள அது பாம்பு இல்லை. இப்போது 'பிடித்துக்கொண்டிருக்கிறது, தளர்த்திப் பார்ப்போம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.


லைன் வீட்டுப் பொண்ணு | நவம்பர் 10, இரவு 8:20

நான் மசாஜ் பண்றவ இல்ல. கூடலூர் பக்கம் எஸ்டேட் லைன்ல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல வளர்ந்தவ, இப்போ திருப்பூர்ல வேலை. எங்கம்மா 31 வருஷம் கொழுந்து எடுத்தாங்க. ஒரு பிரெண்டு அனுப்புன லிங்கைப் பிடிச்சு வந்தேன்.

குன்னூர் அக்கா, அந்தம்மா ஏன் எழுந்து போனாங்கன்னு எனக்குத் தெரியும். எங்களை யாரும் நம்பமாட்டாங்க. லீவு கேட்டா நடிப்பு. பறிச்ச கொழுந்து எடை குறைஞ்சா சோம்பேறித்தனம். வலின்னு ஊசிக்குப் போனா 'உனக்கு ஒண்ணுமில்ல, போ'. அப்படியே கேட்டுக் கேட்டு வந்தவங்ககிட்ட நீங்களும் 'இடுப்புல இல்ல'ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. அதுக்கு மேல அவங்க எதைக் கேப்பாங்க?

எங்கம்மாவுக்கு நான் இதை வேற மாதிரி சொல்லிப் பார்த்தேன். எங்க லைனுக்கு ஒரு தடவை சிறுத்தை வந்து பக்கத்து வீட்டு நாயைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம் எங்க நாய் இருக்கே, ராத்திரி பிளாஸ்டிக் பை பறந்தா குரைக்கும், பூனை போனா குரைக்கும், கதவு லேசா அசைஞ்சா குரைக்கும். மாசக்கணக்கா நாங்க தூங்கலை. நாய் பொய் சொல்லுச்சா? இல்லையே. குரைச்சது நிஜம், தொண்டை கட்டுற அளவுக்குக் குரைச்சது. ஆனா அன்னிக்கு ராத்திரி சிறுத்தை வரலை. 'உன் இடுப்பு நாய் அப்படித்தான்மா ஆயிடுச்சு'ன்னேன். எங்கம்மா சிரிச்சாங்க. 'அதுக்குச் சோறு போட்டுத் தூங்க வைக்க வேண்டியதுதான்'னாங்க.


குன்னூர்க் கை | நவம்பர் 10, இரவு 9:05

தங்கச்சி, ரெண்டு நாள் வகுப்புல எனக்கு இப்படி ஒருத்தரும் சொல்லித் தரலை. இதை நான் எடுத்துக்கலாமா?


லைன் வீட்டுப் பொண்ணு | நவம்பர் 10, இரவு 9:11

தாராளமா எடுத்துக்கங்க அக்கா. ஆனா ஒண்ணு. எங்கம்மா தினம் 25 கிலோவுக்கு மேல கொழுந்து பறிச்சு எடை போட்டாங்க, மழையில, சரிவுல, கால் வழுக்கிக்கிட்டு. சிறுத்தை தினமும் வந்து போற லைன்ல நாய் குரைச்சா அது நாயோட கோளாறு இல்ல. மூளை மூளைன்னு பேசி, கூடையை மறந்துடாதீங்க.


கோத்தகிரி பிசியோ | நவம்பர் 11, காலை 7:10

இதைத்தான் நான் நேத்து எழுதாம விட்டேன். நன்றி. தூக்கம், சம்பளக் கவலை, குளிர், வேலைப் பளு எல்லாமே நாயோட காதுல விழுற சத்தம்தான். உடம்பைப் பத்தி மட்டும் பேசறதும் தப்பு. மூளையைப் பத்தி மட்டும் பேசினா அது இன்னும் மோசம், ஏன்னா அதுல பழி நோயாளி மேல விழுது.

நாய்க் கதையை எல்லாரும் எடுத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. சில ராத்திரி சிறுத்தை நிஜமாவே வரும். முதுகுவலியோட மூத்திரம் வர்றது தெரியலை, அடக்க முடியலை, இல்ல வெளியே வரவே மாட்டேங்குது. உட்கார்ற இடத்துல மதமதப்பு. ரெண்டு காலும் வலுவிழக்குது. இதுல எது இருந்தாலும் மசாஜ் கிடையாது, அன்னிக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டா மூத்திரக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். காய்ச்சலோட முதுகுவலி, காரணமில்லாம எடை குறையறது, முன்னாடி புற்றுநோய் வந்தவங்க, விழுந்து அடிபட்ட வயசானவங்க, இவங்களையும் முதல்ல டாக்டர்கிட்ட அனுப்புங்க. அப்புறம் கெண்டைக்கால். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, அழுத்தினா வலிக்குதுன்னு யாராவது வந்தா, குறிப்பா ராத்திரி பூரா பஸ்ல உட்கார்ந்து மலையேறி வந்தவங்க, நீவி விடாதீங்க. உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. ஊட்டிக்காரன், இது முக்கியமா உங்களுக்கு.

உங்க கேள்விக்கும் வர்றேன். அழுத்தினதும் ஏன் குறையுது? முட்டியில இடிச்சுக்கிட்டா உடனே தேய்ச்சு விட்டுக்கறோமே, அந்தத் தொடுசேதி தண்டுவடத்துலயே வலிச்சேதிக்குக் கதவைச் சாத்துதுன்னு மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1965ல சொன்னாங்க. அவங்க சொன்ன விவரங்கள் பின்னாடி நிறைய மாறிடுச்சு. ஆனா தண்டுவடத்துலயே சேதியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்ங்கறது நின்னுடுச்சு. அதோட, ஒரு இடத்து வலி இன்னொரு இடத்து வலியை அமுக்கும். உங்க முழங்கை வேலை செய்யறதுல ஒரு பங்கு அதுவா இருக்கலாம். ஆனா உடம்பு பூரா வலியோட வர்ற பலருக்கு அந்த அமுக்கற வேலையே மந்தமாத்தான் நடக்கும். அவங்களைப் போட்டு அழுத்தினா மறுநாள் படுக்கையை விட்டு எழ மாட்டாங்க.

நம்பிக்கையும் சேரும். ஆனா அதைக் கற்பனைன்னு தள்ளிடாதீங்க. 1978லயே பல் பிடுங்கினவங்களுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டு, சிலருக்கு வலி குறைஞ்சதும், அபினை முறிக்கிற மருந்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. வலி திரும்ப வந்துச்சு. அதாவது உடம்பே தனக்கு அபின் மாதிரி ஒண்ணைச் சுரந்திருக்கு.


ஊட்டிக்காரன் | நவம்பர் 11, மதியம் 1:25

இது புரியுது. நான் எதையும் உடைக்கலை, நாயைத் தடவிக் கொடுத்திருக்கேன். ஆனா வர்றவங்க 'இன்னும் அழுத்துங்க, இன்னும்'னுதான் கேக்கறாங்க. மெதுவாத் தடவினா காசு வேஸ்ட்ங்கற முகம். ரிவியூல போட்டுடறாங்க.


குன்னூர்க் கை | நவம்பர் 11, இரவு 9:30

அழுத்தறதை விடச் சொல்லலை தம்பி. நான் இப்போ பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டுக்கறேன். 'நல்லா இருக்கு'ங்கற வலிக்கும் 'பல்லைக் கடிச்சுக்கறேன்'ங்கற வலிக்கும் மூச்சுலயே வித்தியாசம் தெரியும். மூச்சை அடக்கினா நான் கையை எடுத்துடுவேன்.

மெதுவாத் தடவறதுக்கும் தனி நரம்பு இருக்குன்னு வகுப்புல சொன்னாங்க. ரோமம் இருக்கற தோல்ல, நொடிக்கு 1லேர்ந்து 10 சென்டிமீட்டர் வேகத்துல தடவினா நல்லா எழுமாம், அதுவும் தோலோட சூட்டுல இருக்கற கை பட்டா. ஸ்வீடன்காரங்க கண்டுபிடிச்சது. இதைக் கேட்டதும் எனக்கு நம்ம ஊர் டிசம்பர்தான் ஞாபகம் வந்துச்சு. ஐஸ் மாதிரிக் கையை வச்சா எந்த நரம்பு எழும்? இப்போ வெந்நீர்ப் பை ரெண்டு வச்சிருக்கேன். ஒண்ணு அவங்க பாதத்துக்கு, ஒண்ணு என் கைக்கு.


மலைத்தொக்கணம் | நவம்பர் 12, காலை 11:00

தைலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நீலகிரிக்காரர்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள்.


ஊட்டிக்காரன் | நவம்பர் 12, மதியம் 12:10

அதானே! எங்க மாமனாருக்குத் தைலக்கடையே இருக்கு. யூகலிப்டஸ், விண்டர்கிரீன், சிட்ரியோடோரா, எல்லாம் கலந்த ஒரு மூட்டுவலித் தைலம். தேய்ச்ச உடனே ஜில்லுன்னு இறங்குது. 'எலும்பு வரைக்கும் போகுது'ன்னு சொல்லித்தான் விப்போம்.


கோத்தகிரி பிசியோ | நவம்பர் 12, இரவு 8:40

எலும்பு வரைக்கும் போறதில்ல. போகத் தேவையும் இல்ல. குளிரை உணர்றதுக்கு நரம்புல ஒரு வாசல் இருக்கு. யூகலிப்டஸ் தைலத்துல இருக்கற யூகலிப்டாலும் புதினா உப்பும் அதே வாசலைத் திறந்துடுது. உடம்பு நிஜமா குளிரலை, குளிர்ந்த மாதிரி சேதி போகுது. மிளகாய் சூட்டு வாசலைத் திறக்கும், அதான் நாக்கு 'எரியுது'. இந்த வாசல்களைக் கண்டுபிடிச்ச வேலைக்குத்தான் ஜூலியஸ், படபூட்டியன்ங்கற ரெண்டு விஞ்ஞானிகளுக்கு 2021ல நோபல் கொடுத்தாங்க. உங்க மாமனார் கடை அலமாரி பூரா அந்த வாசல் சாவிங்கதான்.

ஆனா விண்டர்கிரீன்ல கவனம். அது ஏறக்குறைய முழுக்க மீத்தைல் சாலிசிலேட், ஆஸ்பிரினோட சொந்தக்காரன். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்குத் தாராளமாத் தேய்ச்சா ரத்தக்கசிவு வரலாம். மாத்திரை என்னென்னன்னு கேட்காம பாட்டிலைத் திறக்காதீங்க. குழந்தை இருக்கற வீட்டுல அதைக் கீழ வைக்கவே வேண்டாம். ஒரு டீஸ்பூன் உள்ள போனா இருபது ஆஸ்பிரினுக்கு மேல முழுங்கின மாதிரி.


ஊட்டிக்காரன் | நவம்பர் 12, இரவு 9:02

மாமனார்கிட்ட சொல்றேன். கேக்கமாட்டார். ஆனா சொல்றேன்.


குன்னூர்க் கை | டிசம்பர் 21, இரவு 10:10

அந்தம்மாவைப் பத்திச் சொல்லணும்னு இருந்தேன்.

அவங்க லைன்லேர்ந்து வர்ற இன்னொரு அக்காகிட்ட அந்தக் காசைக் கொடுத்தனுப்பி, 'நான் பேசினது தப்பு, வலி நிஜம்னு எனக்குத் தெரியும், ஒரு தடவை வரச் சொல்லுங்க'ன்னேன். பதினோரு நாள் கழிச்சு வந்தாங்க. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கலை. கேட்டேன், அவ்வளவுதான். மூத்திரம், மதமதப்பு, எடை எல்லாம் முதல்ல விசாரிச்சுக்கிட்டேன், ஒண்ணுமில்ல. வலியைப் பத்தி அவங்களே நாப்பது நிமிஷம் பேசினாங்க. புருஷன் இறந்த வருஷம்தான் இது ஆரம்பிச்சதுன்னு நடுவுல ஒரு வரி வந்துச்சு. நான் அதைப் பிடிச்சு இழுக்கலை.

அப்புறம் எண்ணெய் சூடு பண்ணி, இடுப்புக்கும் காலுக்கும் மெதுவா நீவி விட்டேன். குப்புறப் படுத்திருந்தவங்ககிட்ட நாய்க் கதையைச் சொன்னேன். அவங்க லைன்லயும் போன வருஷம் சிறுத்தை வந்திருக்கு. 'ஆமா தாயி, எங்க கறுப்பன் இப்பவும் அப்படித்தான்'னாங்க. கடைசியில மேசை ஓரத்துல உட்கார வச்சு, கீழ விழுந்த துண்டை எடுக்கச் சொன்னேன். முதுகு வளைஞ்சுது. ஆறு வருஷத்துல முதல் தடவையான்னு தெரியலை, ஆனா அவங்க முகத்துல ஆச்சரியம் இருந்துச்சு.

அஞ்சு தடவை வந்துட்டாங்க. வலி போகலை, அதைச் சொல்லிடணும். ராத்திரி தூக்கம் பரவாயில்ல. வீட்டுல தினம் பத்துத் தடவை சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாக் குனிஞ்சு நிமிர்றாங்க. மசாஜ் இடுப்புவலிக்குக் கொஞ்ச நாளைக்குத்தான் கைகொடுக்கும், அதுக்கான சான்றும் வலுவில்லைன்னு 2015ல காக்ரேன்காரங்க, அதாவது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசற குழு, 25 சோதனைகளைப் பார்த்துச் சொன்னதை பிசியோ எனக்குத் தனியா அனுப்பியிருந்தார். படிச்சேன். முன்னாடின்னா வருத்தப்பட்டிருப்பேன். இப்போ, அந்தக் கொஞ்ச நாள்ல அவங்க பயமில்லாம குனிஞ்சு பழகிட்டாப் போதும்னு தோணுது.

போன செவ்வாய்க்கிழமை வந்தப்போ நானா கேட்டேன், நாய் எப்படி இருக்குன்னு. 'ஞாயித்துக்கிழமை பூரா படுத்துக் கிடந்துச்சு தாயி. திங்கக்கிழமை கூடையை மாட்டினேன் பாரு, எழுந்து நின்னுக்கிச்சு.'


லைன் வீட்டுப் பொண்ணு | டிசம்பர் 21, இரவு 10:48

எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். 'திங்கக்கிழமை எல்லா நாயும் குரைக்கும்'னு சொல்றாங்க.


ஊட்டிக்காரன் | டிசம்பர் 22, காலை 7:30

அக்கா, தேங்காய் எண்ணெய் இங்க கல்லா உறைஞ்சு கிடக்கு. நீங்க என்ன எண்ணெய் வச்சிருக்கீங்க?


குன்னூர்க் கை | டிசம்பர் 22, காலை 7:52

நல்லெண்ணெய். உறையாது. வாசனை பிடிக்கலைன்னு சொல்றவங்களுக்கு யூகலிப்டஸ் ரெண்டு சொட்டு. உங்க மாமனார் கடையிலதான் வாங்கறேன்னு நினைக்கிறேன்.